ஏரி வரை தார்ச்சாலை... அதற்கு மேல் குதிரை!

வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பின்னால் நீல ஏரி. கரையில் ஊசியிலை மரங்கள். முன்னால் கிளை கிளையாகக் கொம்பு விரித்து இரண்டு பனிமான்கள். கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டியை இழுக்குமே, அதே ஜாதி. நண்பர் கீழே எழுதியிருந்தார்: "மங்கோலியா. ஜூலைல கிளம்புறோம். ஏரி, மான், நாடோடிங்க எல்லாம் ஒரே இடத்துல. பத்து நாள் போதும்."

படம் அழகுதான். ஆனால் அதில் ஒரு தப்பு இருக்கிறது. ஜூலை மாதத்தில் அந்த மான்கள் அந்தக் கரையில் நிற்கவே கூடாது.

அவை ஏன் அங்கே நிற்கக் கூடாது என்பது புரிந்துவிட்டால், இந்தப் பயணத்தைத் திட்டமிடுவதில் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி விசா, டிக்கெட், கம்பளிச் சட்டை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹுவ்ஸ்குல் ஏரி மங்கோலியாவின் வடக்கு நுனியில் இருக்கிறது. அதன் வடகரையில் உள்ள ஹன்க் கிராமத்தைத் தாண்டினால் ரஷ்யா. நீளம் 136 கிலோமீட்டர். சென்னையில் கிளம்பி திண்டிவனத்தைத் தாண்டும் வரை இடப்பக்கம் முழுக்க நன்னீர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதிகபட்ச ஆழம் 262 மீட்டர். கடல் மட்டத்திலிருந்து 1,645 மீட்டர் உயரம், அதாவது ஏற்காட்டுக்குச் சற்று மேலே. மங்கோலியாவின் நன்னீரில் சுமார் 70 சதவீதம் இந்த ஒரே ஏரியில்தான். ரஷ்யாவின் பைக்கால் ஏரிக்கு இதைத் தங்கை என்பார்கள். வெறும் செல்லப் பெயர் இல்லை, ரத்த சம்பந்தமே உண்டு: இரண்டுமே பூமி பிளந்த ஒரே பிளவு மண்டலத்தில் பிறந்தவை. இந்த ஏரியிலிருந்து வெளியேறும் ஒரே ஆறான ஏக், செலெங்கேயில் கலந்து பைக்காலுக்குப் போகிறது. பிளவு இன்னும் ஓயவில்லை. 2021 ஜனவரியில் ஏரியை 6.7 அளவு நிலநடுக்கம் உலுக்கியது. கரைவாசிகள் இதை ஏரி என்று சொல்வதில்லை. கடல் அன்னை என்கிறார்கள்.

பனிமான் விஷயத்துக்கு வருவோம். அதை வளர்ப்பவர்கள் ஏரிக்கரை மக்கள் இல்லை. ஏரிக்கு மேற்கே ஹொரிதோல் சரிதாக் என்ற மலைத்தொடர். அதைத் தாண்டினால் தர்ஹாத் பள்ளத்தாக்கு. அதையும் தாண்டி, ரஷ்யாவின் துவா குடியரசை ஒட்டிய தைகா காட்டில் அவர்கள் இருக்கிறார்கள். மங்கோலியர்கள் அவர்களை அழைக்கும் பெயரைத் தமிழில் உச்சரித்தபடியே எழுதினால் 'சாத்தான்' என்று வந்து தொலைக்கும்! பயப்பட வேண்டாம், 'மான் உள்ளவர்கள்' என்பதுதான் பொருள். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர் துஹா. நாமும் அப்படியே சொல்வோம்.

துஹாக்கள் சில நூறு பேர்தான். காட்டிலேயே ஆண்டு முழுக்க மானோடு வாழ்பவர்கள் சில டஜன் குடும்பங்கள். பேச்சு துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது, மங்கோலியத்துக்கு அந்நியம். இளையவர்கள் நாவில் இப்போது மங்கோலியமே அதிகம். எல்லை என்று ஒன்று இல்லாத காலத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மேய்த்துத் திரிந்தவர்கள். 1944-ல் துவாவை சோவியத் ஒன்றியம் சேர்த்துக்கொண்டதும் நடுவில் கோடு விழுந்தது. இந்தப் பக்கம் தங்கியவர்களுக்கு மங்கோலியக் குடியுரிமை கிடைக்க 1950-களின் நடுப்பகுதி ஆனது. பிறகு கூட்டுப்பண்ணை வந்தது, மான்கள் அரசுச் சொத்தாயின. 1990-க்குப் பின் பண்ணை கலைந்து மான்கள் மறுபடி வீட்டுக்கு வந்தன. அந்தப் பத்தாண்டின் முடிவில் சில நூறாகச் சுருங்கிப்போயிருந்த மந்தை இன்று இரண்டாயிரத்தைத் தாண்டியிருக்கிறது.

கல்பாசி தின்னும் மாடு

துஹா வீட்டில் பனிமான் என்பது நம் ஊர் மாடும் கழுதையும் சேர்ந்த ஒன்று. பால் கறப்பார்கள், சுமை ஏற்றுவார்கள், தாங்களும் ஏறிப் போவார்கள். கறக்கிற பால் கொஞ்சம்தான். ஆனால் எருமைப்பால் தோற்றுப்போகும் கொழுப்பு. தேநீரில் ஊற்றினால் அப்படியே திரண்டு நிற்கும். இறைச்சிக்காக அறுப்பது அபூர்வம். கறிக்குக் காட்டில் வேட்டை என்பது பழைய ஏற்பாடு. 2011-ல் அந்தக் காடே தெங்கிஸ்-ஷிஷ்கெத் தேசியப் பூங்கா ஆனது; வேட்டைக்குத் தடை விழுந்தது. காட்டைக் காக்க வந்த சட்டம், காட்டைக் காத்துவந்தவர்களின் அடுப்பில் கை வைத்த கதை நமக்குப் புதிதா என்ன? முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் கேட்டுப் பாருங்கள்.

மானுக்கு வருகிறேன். அது விரும்பித் தின்பது லைக்கன். செட்டிநாட்டுக் குழம்பில் போடும் கல்பாசி இருக்கிறதே, அதுவும் ஒரு லைக்கன்தான். அதன் தூரத்து உறவுகள் தைகாவின் தரையில் வெளிறிய மெத்தை போல விரிந்து கிடக்கும். ஒரு முறை மேய்ந்த இடம் மறுபடி தழைக்கப் பல ஆண்டுகள் ஆகும். அதனால் மந்தை நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். கூடவே வெயிலும் அதற்கு ஆகாது. உடம்பு முழுக்கக் கனத்த ரோமம். கோடையில் கொசுவும் ஈயும் மொய்த்தால் பாவம் பைத்தியம் பிடித்ததுபோல் ஓடும். அதற்காகவே ஜூன், ஜூலையில் மேல் மலைக்கு, காற்று வீசும் குளிர்ந்த இடத்துக்கு ஏற்றிவிடுகிறார்கள்.

நண்பர் அனுப்பிய படத்தில் இருந்த மான்கள், சுற்றுலாப் பயணிகள் செல்ஃபி எடுப்பதற்காகக் கோடையில் ஏரிக்கரைக்கு இறக்கப்பட்டவை. கரையில் லைக்கன் இல்லை. சூடு உண்டு, உண்ணி உண்டு. இறக்கியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேட்டையும் போன பிறகு பணம் எங்கிருந்து வரும்? ஆனால் அந்தப் படத்துக்கு நாம் கொடுக்கும் காசுதான் அடுத்த ஆண்டும் அந்த மானைக் கீழே இறக்குகிறது. ஆகவே நண்பருக்கு என் முதல் பதில்: ஏரிக்கரையில் மான் தெரிந்தால் படம் எடுக்காமல் நடையைக் கட்டு. மானைப் பார்க்க ஆசையா, மான் இருக்கும் இடத்துக்குப் போ.

அது எவ்வளவு தூரம்? அங்கேதான் பத்து நாள் கணக்கு உடைகிறது.

மணிக்கணக்கில் கேள், கிலோமீட்டரில் கேட்காதே

தலைநகர் உலான்பாதருக்குச் சியோல், ஹாங்காங், இஸ்தான்புல் வழியாக விமானம் பிடிக்கலாம். 2021-ல் திறந்த புதிய விமான நிலையம் நகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நகரில் ஒரு வேடிக்கை பார்ப்பீர்கள்: சாலையில் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள், ஆனால் கார்களில் பாதிக்கு ஸ்டியரிங்கும் வலப்பக்கமே. ஜப்பானில் ஓடித் தேய்ந்து இங்கே இறக்குமதியானவை. முந்திச் செல்ல எட்டிப் பார்க்க வேண்டியது பக்கத்து சீட்டில் இருப்பவர் பொறுப்பு.

அங்கிருந்து மாகாணத் தலைநகர் முருன் சுமார் 700 கிலோமீட்டர். உள்நாட்டு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். பஸ்ஸில் ஒரு முழுப் பகல் அல்லது முழு இரவு. முருனிலிருந்து ஏரியின் தென்முனையான ஹட்கலுக்கு 100 கிலோமீட்டர், நல்ல தார்ச்சாலை, இரண்டு மணி நேரம். இதுவரை எல்லாம் சுபம். உலான்பாதரில் காலை விமானம் ஏறினால் மாலையில் ஏரியில் காலை நனைக்கலாம். 'பத்து நாள் போதும்' என்ற எண்ணம் பிறப்பதே இந்தச் சுலபத்தில்தான்.

ஏரியிலிருந்து துஹாக்களுக்கு அருகில் உள்ள ஊர் சகான்னூர். வரைபடத்தில் விரலை வைத்துப் பார்த்தால் மலைக்கு அந்தப் பக்கம், அவ்வளவுதான். ஆனால் வண்டி மலையைச் சுற்றித்தான் போகும். வழியில் உள்ள ஊலான் ஊல் கிராமம் வரை மண் தடம். பிறகு தடம் என்று டிரைவர் எதை நினைக்கிறாரோ அது. 1960-களிலிருந்து வடிவம் மாறாத ரஷ்ய வேன் ஒன்று உண்டு, 'ஃபுர்கோன்' என்பார்கள். ரொட்டித் துண்டு போல் இருக்கும். இந்தப் பாதைக்கு அதை விட்டால் நாதி இல்லை. பழுதானால் நடுக்காட்டிலேயே டிரைவர் இன்ஜினைப் பிரித்துப் போட்டு மாட்டிவிடுவார். நல்ல தடத்தில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம். மழை பெய்திருந்தால்? சேற்றில் மாட்டிய வண்டியை இன்னொரு வண்டி வந்து இழுக்கும் வரை.

தர்ஹாத் பள்ளத்தாக்கே ஒரு காலத்தில் பனியாறு தேக்கிய பெரிய ஏரி. அடித்தரை இன்னும் ஈரம் மறக்கவில்லை. முந்நூறு சிற்றேரிகள் என்று கணக்குச் சொல்கிறார்கள். அதிகம் மழை பெய்வது ஜூலை, ஆகஸ்ட். நாம் லீவு போடுவதும் அப்போதுதான்.

பள்ளத்தாக்கின் வாசலில், கணவாய் உச்சியில், 13 ஓவோக்கள் நிற்கும். மரக்கொம்புகளைக் கூம்பாகச் சாத்தி நீலத்துணி கட்டிய வழிபாட்டுக் குவியல்கள். டிரைவர் கட்டாயம் இறங்குவார். நம் ஊர் மலைப்பாதையில் லாரிக்காரர் முனியப்பனுக்குத் தேங்காய் உடைக்க நிறுத்துவாரே, அந்த மாதிரிதான். நீங்களும் இறங்குங்கள். முதுகு கெஞ்சும்.

சகான்னூரில் வண்டி வேலை முடிந்தது. துஹாக்கள் கிழக்குத் தைகா, மேற்குத் தைகா என இரண்டு பிரிவு. கோடை முகாம் எங்கே என்பது அந்த ஆண்டின் புல்லையும் மழையையும் பொறுத்தது. குதிரையில் நான்கு மணி நேரமாகவும் இருக்கலாம், எட்டு மணி நேரமாகவும் இருக்கலாம். சதுப்பு, கூழாங்கல், ஆறு. குதிரைக்கே தொடை வரை இறங்கும் சேறு. முன்பின் குதிரை ஏறாதவர் இரண்டாம் நாள் உட்கார்ந்து சாப்பிட முடியாது, நின்றுதான். கிளம்புவதற்கு முன் ஏரிக்கரையில் இரண்டு நாள் அரை அரை நாளாகச் சவாரி பழகிக்கொள்வது புத்திசாலித்தனம்.

குதிரைக் கணக்கில் பலர் ஏமாறுகிறார்கள். உங்களுக்கு ஒன்று என்றால் வழிகாட்டிக்கு ஒன்று, மூட்டைக்கு ஒன்று. நான்கு பேர் போனால் ஆறேழு குதிரை. முகாமில் நீங்கள் தங்கும் நாளுக்கும் குதிரைகளுக்கும் வழிகாட்டிக்கும் கூலி உண்டு. இதை முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சகான்னூரில் துஹா சமூகமே சேர்ந்து நடத்தும் வரவேற்பு மையம் ஒன்று இருக்கிறது. அதன் வழியாகப் போனால் எந்த முகாம் எங்கே, யார் வீட்டில் இடம் என்பது தெரியும், பணமும் காட்டுக்குப் போய்ச் சேரும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். உலான்பாதரில் இரண்டு நாள். முருனில் ஒன்று, அருகில் ஊஷிகின் ஓவோர் என்ற இடத்தில் ஓடும் மான்களைச் செதுக்கிய வெண்கலக் கால நெடுங்கற்கள் நிற்கின்றன, 2023-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியவை, தவற விடக்கூடாது. ஏரியில் மூன்று. சகான்னூருக்கு இரண்டு. குதிரையில் ஒன்று. முகாமில் மூன்று. திரும்பக் குதிரை ஒன்று, வண்டி இரண்டு, விமானம் ஒன்று. ஆக மொத்தம் பதினாறு. மழைக்கும் வண்டிப் பழுதுக்கும் இரண்டு. பதினெட்டு நாள்! இதை எட்டு, பத்து நாளில் முடித்துத் தருகிறோம் என்று விற்கிறார்கள். முடியும்தான். துஹா வீட்டில் ஓர் இரவு, அதிலும் பாதி தைலம் தேய்த்துக்கொள்வதில் போகும்.

காகிதம் ஒன்று கூடுதல்

விசாவுக்கு டெல்லியில் உள்ள மங்கோலியத் தூதரகத்தில் அன்றைய விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். விதி மாறிக்கொண்டே இருக்கிறது. விசாவைவிட முக்கியமாக ஒரு காகிதம் வேண்டும்: எல்லைப் பகுதி அனுமதி. சகான்னூரும் தைகாவும் ரஷ்ய எல்லையை ஒட்டியவை. எல்லைக் காவல் தலைமையகம் உலான்பாதரில் தரும் அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்க முடியாது. சில நாள் பிடிக்கும், சனி ஞாயிறு கிடையாது. ஜூலை 11 முதல் நாதம் திருவிழா. மல்யுத்தம், வில், குதிரைப் பந்தயம் என்று நாடே மைதானத்தில் இருக்கும், அலுவலகம் பூட்டியிருக்கும். பாஸ்போர்ட் நகலை முன்கூட்டியே ஏற்பாட்டாளருக்கு அனுப்பி அனுமதியை வாங்கி வைப்பதே வழி. காகிதத்தில் சகான்னூர் என்ற பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

எந்த மாதம்? ஏரியின் பனி முழுதும் உருக ஜூன் ஆகிவிடும். குளிர்காலத்தில் ஒரு மீட்டருக்கு மேல் கெட்டியாக உறையும். சோஷலிசக் காலத்தில் ரஷ்யாவிலிருந்து எண்ணெய் லாரிகள் அதன் மேலேயே ஓடின. பனி உடைந்து உள்ளே போன லாரிகள் இன்னும் அடியில் கிடக்கின்றன. பிறகுதான் தடை வந்தது. மார்ச் ஆரம்பத்தில் ஹட்கலில் பனித் திருவிழா. உறைந்த ஏரி மேல் குதிரைச் சறுக்குவண்டி ஓடும். ஆனால் பூஜ்யத்துக்குக் கீழே இருபது, முப்பது டிகிரி என்பது நம் உடம்புக்கு வேறு விளையாட்டு.

என்னைக் கேட்டால் ஆகஸ்ட் கடைசி வாரத்தில் தொடங்கி செப்டம்பர் நடுப்பகுதிக்குள். கொசு அடங்கியிருக்கும். மழை குறையும். லார்ச் மரங்கள் மஞ்சளாக மாறும். ஊசியிலை மரம்தான், ஆனால் இலை உதிர்க்கும் விசித்திரப் பிறவி. ஒரே குறை, செப்டம்பர் 1-ல் பள்ளி திறந்துவிடும். முகாமில் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள், சகான்னூர் விடுதியில் இருப்பார்கள். முதல் பனியும் விழலாம்.

வீட்டுக்குள் போகும்போது

ஏரிக்கரையிலும் பள்ளத்தாக்கிலும் 'கெர்' என்ற வட்டக் கூடாரம். மரச்சட்டத்தின் மேல் அடித்து இறுக்கிய கனத்த கம்பளி போர்த்தியது, வாசல் எப்போதும் தெற்கே. தைகாவில் துஹாக்களுடையது 'ஊர்ட்ஸ்': கம்புகளைக் கூம்பாகச் சாய்த்துக் கித்தான் சுற்றியது. இரண்டிலும் நடுவில் அடுப்பு.

கெருக்கு முன் போய்க் கதவைத் தட்டுவது வழக்கம் இல்லை. தூரத்திலிருந்தே "நொஹோய் ஹோர்" என்று குரல் கொடுக்க வேண்டும்: நாயைப் பிடியுங்கள்! வீட்டில் நாய் இல்லை என்றாலும் அதுதான் சொல். வாசற்படியை மிதிக்கக் கூடாது (நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை). விருந்தாளிக்கு நுழைந்ததும் இடப்பக்கம். கொடுப்பதை வலக்கையால், இடக்கையை வலது முழங்கையில் தாங்கி வாங்க வேண்டும். அடுப்பில் குப்பை போடக் கூடாது. தீ அங்கே தெய்வம். முதலில் வருவது உப்புப் போட்ட பால் தேநீர். முதல் வாய்க்குத் தேநீர் என்று நினைத்தால் அதிர்ச்சி. ரசம் என்று நினைத்துக் குடித்தால் பிடித்துவிடும்.

சைவக்காரர்கள் கவனம். காய்கறி என்றால் உருளை, கேரட், முட்டைக்கோஸ், அதுவும் நகரத்திலிருந்து வாங்கிப் போனால். முகாமுக்கு உங்கள் அரிசி, பருப்பு, பொடி நீங்களே கொண்டுபோக வேண்டும். விருந்தோம்பும் வீட்டின் மாவை நாம் காலி செய்யக் கூடாது. மர்மோட் என்ற பெருத்த அணில் இன இறைச்சியை யாராவது நீட்டினால் அசைவக்காரரும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அதில் பிளேக் வரும். உண்ணிக் காய்ச்சலும் இந்தப் பகுதியில் உண்டு. பெரிய மருத்துவமனை முருனில், அதாவது ஒரு நாள் குதிரை, ஒரு நாள் வண்டி தள்ளி. ஹெலிகாப்டர் மீட்பு வரை ஈடு செய்யும் காப்பீடு இல்லாமல் போகாதீர்கள். முருனைத் தாண்டினால் ஏ.டி.எம்-மை நம்ப வேண்டாம். உள்ளூர்ப் பணமான துக்ரிக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு விஷயம் கேட்கவே கேட்காதீர்கள். ஒன்று, 'ஷாமன் பூஜை நடத்திக் காட்ட முடியுமா?' அது அவர்களுக்குச் சாமியாட்டம், நிகழ்ச்சி அல்ல. இரண்டு, 'மான் மேல் ஏறலாமா?' மானின் முதுகு பலமில்லாதது. வீட்டார் ஏறுவது பழகிய லாகவத்தில். எண்பது கிலோ விருந்தாளிக்கு அது வாகனம் இல்லை. ஊர்ட்ஸ் மேல் சோலார் தகடும் உள்ளே டிவியும் பார்த்துவிட்டு 'அசல் போச்சே' என்று முகம் சுளிப்பவர்களையும் கண்டிருக்கிறேன். உங்கள் பாட்டி வீட்டில் மிக்ஸி வந்தபோது அழுதீர்களா?

கையில் என்ன கொண்டுபோகலாம் என்று கேட்பீர்கள். பிள்ளைகளுக்கு மிட்டாய் வேண்டாம். பல் டாக்டர் எங்கே இருக்கிறார் என்று மேலே சொன்னேன். மாவு, அரிசி, தேயிலை, கம்பளிச் சாக்ஸ் நல்லது. உப்பு கொஞ்சம் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். அது மானுக்கு. உள்ளங்கையில் உப்பை நீட்டினால் காட்டின் எந்த மூலையிலிருந்தும் ஓடி வந்து கையை நக்கும்.

இத்தனையும் எழுதி நண்பருக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் வந்தது: "ஆபீஸ்ல பன்னண்டு நாள்தான் லீவு தருவாங்களாம்."

பன்னிரண்டு நாளில் தைகா வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஹட்கலில் இறங்கி, ஏரியின் கீழ்க்கரையில் குதிரை பழகி, மேல்கரைக் கெரில் தங்கி, ஆறு நாள் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். அதுவே நிறையும். எல்லை அனுமதியும் தேவைப்படாது. துஹா முகாமுக்குப் பதினெட்டு நாள் லீவு சேர்ந்த பிறகு போகலாம்; அதுவரை மான்கள் மலையிலேயே இருக்கட்டும்.